பின்பக்கத்தில் பஞ்சர் பரிமளா

எனக்கும் சுபஸ்ரீக்கும் ஒரே ஸ்டூல். ஒரே மேசை, ஒரே மின்விசிறி, இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும் ஒரே டிராயர். ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது ஒரு நாளைக்கு மொத்தமே பத்து நிமிடம். ஒரு வாரம் நான் காலை ஷிப்ட், அவள் மதிய ஷிப்ட். மறு வாரம் அப்படியே மாறும். எங்கள் லைனில் இரண்டே ஷிப்ட் என்பதால் பதினாலாம் ஸ்டேஷனுக்கு, அதாவது இந்த மேசைக்கு, நாங்கள் இரண்டே பேர். மதியம் இரண்டு இருபதுக்கு ஒருத்தி வருவாள், இரண்டரைக்கு மற்றவள் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி எங்களுடையது. வயரின் நுனியை கனெக்டரில் செருக வேண்டும், க்ளிக் என்று சத்தம் கேட்க வேண்டும், லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரமும் இதேதான். இதில் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்களோடு நான் பேசுவதில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் குட்டை, சுபஸ்ரீ நெட்டை. நான் உட்கார்ந்ததும் ஸ்டூலை ஏற்றுவேன், அவள் வந்ததும் இறக்குவாள். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரூமில் நான்கு பெண்களோடு இருக்கிறாள். நான் பக்கத்திலேயே, பிள்ளைப்பாக்கத்தில் அம்மாவோடு இருப்பவள்.

மேசை டிராயரில் ஹேண்டோவர் புக் ஒன்று உண்டு. ஒரு ஷிப்ட் போகும்போது அடுத்த ஷிப்டுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதில் எழுத வேண்டும். தேதி, கோளாறு, எடுத்த நடவடிக்கை, ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று கட்டம் போட்டிருக்கும். 'சிவப்பு வயர் நீளம் குறைவு, ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பியாச்சு.' இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விஷயம் கைமாறியதாகக் கணக்கு. இது முன்பக்கத்துக் கதை. நான் சொல்ல வந்தது பின்பக்கத்துக் கதை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவியில் 'பஞ்சர் பரிமளா' என்று ஒரு தொடர் வருகிறது. ஹைவே ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பரிமளாவுக்கு லாரி டிரைவர் தசரதனைப் பிடிக்கும். அவன் பெங்களூருக்குப் போனவன் அங்கேயே தங்கிவிடுகிறான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தால் எதிரே மாட்டு டாக்டர் நிலா, ஸ்கூட்டி பஞ்சர் என்று நிற்கிறாள். பரிமளாவுக்கு அவளையும் பிடித்துவிடுகிறது. கையில் டியூபை வைத்துக்கொண்டு, 'இது எப்படி, நமக்கு ஆம்பளைதானே பிடிக்கும்' என்று அவள் முழிக்கிற முழிக்கு ஊரே சிரித்தது. என் அம்மா பாஞ்சாலியும் விடாமல் பார்ப்பாள். “இன்னாமா பாசமா கீதுங்க பாரு ரெண்டும். கூடப் பொறந்ததுங்க கூட இப்டி இருக்காது” என்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தொடரை முதலில் எனக்குச் சொன்னதே சுபஸ்ரீதான். ஆனால் எங்களால் சேர்ந்தாற்போல் பார்க்க முடியாது. காலை ஷிப்ட் முடித்தவள்தான் சனிக்கிழமை ஐந்து மணிக்கு டிவி முன்னால் இருப்பாள். அதனால் ஒற்றைப்படை வாரம் எனக்கு, இரட்டைப்படை வாரம் அவளுக்கு. பார்த்தவள் திங்கட்கிழமை டீ நேரத்தில் ஹேண்டோவர் புக்கின் கடைசிப் பக்கத்திலிருந்து, அதே கட்டம் போட்டு, மற்றவளுக்குக் கதையை எழுதி வைக்க வேண்டும்.

'கோளாறு: நிலாவைப் பார்த்ததும் பரிமளாவுக்குப் பேச்சு வரவில்லை. நடவடிக்கை: பம்பை எடுத்துக் காற்றடித்தாள். டயர் வெடித்தது.' இது நான் எழுதியது. சுபஸ்ரீ எழுதினால் பரிமளா, தசரதன், டீக்கடைக்காரர் எல்லோரும் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் ஆகிவிடுவார்கள். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்து நான் லைனில் பெயர் கெட்டதுதான் மிச்சம்.

“போன்லதான் வருதே, அதுல பாத்துக்க வேண்டிதுதானே” என்று பக்கத்து ஸ்டேஷன் மெர்சி ஒருமுறை கேட்டாள். ஷிப்ட் மாறும் நேரம், நாங்கள் இரண்டு பேருமே அங்கே இருந்தோம். ஒரே குரலில் வேண்டாம் என்றோம். பார்க்கக் கூடாது, படிக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

எனக்கு எப்போது ஆரம்பித்தது என்று சரியாகத் தெரியாது. இளம்பரிதி என்று ஒருவனை இரண்டு வருடம் விரும்பினேன். நிஜமாகத்தான். அவன் வண்டிச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டு வாசலுக்கு ஓடுவேன். ஓசூரில் வேலை கிடைத்துப் போனான், அங்கே வேறு ஒருத்தி கிடைத்தாள், நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து எழுந்தேன். அந்தக் கதை அவ்வளவுதான். ஆனால் இப்போது இரண்டு மணியைத் தாண்டினாலே கண் அதே மாதிரி கதவுக்கு ஓடுகிறது. இரண்டு இருபதுக்கு அந்த நெட்டைக் கழுத்து அரைக்கதவுக்கு மேலே தெரிந்தால் கனெக்டரை மாற்றிச் செருகுகிறேன். அப்படியென்றால் இளம்பரிதி பொய்யா? இல்லை, இது பொய்யா? யாரைக் கேட்பது?

ஐந்தாவது வாரம் பரிமளாவே கேட்டுவிட்டாள். தன் அக்கா மகளிடம் போனில் தேடச் சொன்னாள். 'இதுக்கு இருபாலீர்ப்புன்னு பேரு சித்தி, ரெண்டுமே நெஜந்தான்' என்றாள் அந்தப் பெண். பரிமளா அதை மூன்று முறை சொல்லிப் பார்த்து, மூன்று முறையும் நாக்குச் சுளுக்கி, 'பேரு இருக்குல்ல, அது போதும்' என்று ஸ்பேனரை எடுத்தாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுந்து போய் முகம் கழுவினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அடுத்த நாள் முழுக்க அந்த வார்த்தையை எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். எனக்குச் சுளுக்கவில்லை.

கெட்டது ஏழாவது வாரத்தில். நிலா கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். பரிமளா இன்று சொல்லியே தீருவது என்று வாயைத் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே போகிறான். நிலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'வரேங்க' என்று கிளம்பிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான், தொடரும் என்று போட்டுவிட்டான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஏழு வாரம் காத்திருந்தவளுக்கு ஹாரனா?

திங்கட்கிழமை டீயைக்கூடக் குடிக்காமல் எழுதினேன். 'ஏழாவது வாரம். லாரி வந்தது, ஹாரன் அடிக்கவில்லை. பரிமளா சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்றால்: உன்கூட இருக்கிற பத்து நிமிஷத்துக்காகத்தான் மீதி நாள் பூரா ஓட்டறேன். தசரதனைப் புடிச்சிது நெசம். அது தப்புன்னு தெரிஞ்சி உன்கிட்ட வரல. அப்ப புடிச்சிதும் நான்தான், இப்ப புடிக்கிறதும் நான்தான். நீ வேணான்னா பரவால்ல, ஆனா பஞ்சர் போட மட்டும் வேற கடைக்குப் போயிடாத.' நடவடிக்கை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

மறுநாள் மதியம் நான் போனபோது சுபஸ்ரீ பையை மாட்டிக்கொண்டு நின்றாள். “படிச்சேன்” என்றாள். அவ்வளவுதான். வழக்கமாகக் கதையைப் பற்றி வாய் ஓயாதவள், ஸ்டூலைக்கூடப் பார்க்காமல் போனாள்.

அன்று ராத்திரிதான் என் மரமண்டைக்கு உறைத்தது. சனிக்கிழமை அவள் எட்டாவது வாரத்தைப் பார்ப்பாள். அதில் கதை வேறு மாதிரி போகும். நான் எழுதியது பரிமளாவின் பேச்சு இல்லை, என் பேச்சு என்று தெரிந்துவிடும். அவளுக்கு அது பிடிக்காவிட்டால் சத்தம் போட வேண்டியதில்லை, சண்டை போட வேண்டியதில்லை. சூப்பர்வைசர் நரசிம்மன் சாரிடம் 'எனக்கு வேற ஸ்டேஷன் குடுங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு உலகத்தில் இருந்ததே அந்தப் பத்து நிமிடம்தான், அதுவும் போய்விடும்.

அந்த வாரம் முழுக்க இரண்டு இருபதுக்கு அவள் சிவப்பு வயர், நீல வயர் என்று மட்டும் பேசினாள். சனிக்கிழமை நான் மதிய ஷிப்டில் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா ஒரு கல்யாணத்துக்காகத் தண்டலம் போயிருந்தாள், அதனால் வீட்டிலும் கதை கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை நான் காலை ஷிப்ட், அவள் மதியம். வந்தாள், ஸ்டூலை இறக்கினாள், “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. மேசையில் உட்கார்ந்தேன், நேரே டிராயரைத் திறந்தேன். முதல் நாள் அவள் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

'எட்டாவது வாரம். கோளாறு: நிலா டாக்டரு பரிமளா கடைக்கு வண்டிய உருட்டிக்கிட்டு வாரா. பரிமளா ரெண்டு டியூபையும் தண்ணில முக்கிப் பாத்துட்டு, பஞ்சரே இல்லியே டாக்டரேங்கா. நிலா சொல்லுதா: இல்லன்னு எனக்குத் தெரியாதா? உன் மனசுல உள்ளது எனக்குத் தெரிஞ்சு போச்சு. எம் மனசுல உள்ளத சொல்லணும்லா, அதான் வந்தேன். நான் எந்தத் தசரதனையும் பாத்து மயங்கினவ கெடையாது. எனக்கு எப்பவும் பொம்பளைங்கதான். உனக்கு ரெண்டும் உண்டுன்னா அது உன் மனசு, அதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. ஆனா சொல்லிட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்கக் கூடாது. நடவடிக்கை: பரிமளா ஸ்டூல இழுத்துப் போட்டா. நிலா உக்காந்தா.'

நான் மூச்சு விட்டேன். எட்டாவது வாரக் கதை என் பொய்யோடும் ஒட்டுகிறது, டிவிக்காரன் ஹாரனோடும் ஒட்டுகிறது. தப்பித்தேன் என்று முதலில் சந்தோஷம். அடுத்த நிமிடமே பரிமளா மேல் பொறாமை. அவளுக்கென்ன, கதை எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறது, நிலா வந்து உட்கார்ந்துவிட்டாள். என் டாக்டர் சிவப்பு வயர் நீல வயர் என்கிறாள். அந்தக் கடுப்பில் வேலையை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அன்று நான் ஸ்டூலை ஏற்றவே இல்லை. ஏற்கெனவே என் உயரத்துக்கு இருந்தது. மெயின்டனன்ஸ்காரர்கள் யாராவது தொட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்கு நரசிம்மன் சார் வந்தார். வியாழக்கிழமை ஆடிட். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், ஆனால் காகிதத்தில் தப்பு இருந்தால் தாங்க மாட்டார். என் டிராயரிலிருந்து புத்தகத்தை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், தலையாட்டினார். பிறகு எதற்கோ திருப்பினார்.

நின்றபடியே படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். எட்டு வாரத்தையும் படித்தார். நான் செருகிய மூன்று கனெக்டரில் க்ளிக் சத்தமே வரவில்லை.

“இன்னாம்மா இது?”

“டிவி கதை சார்.”

“அது தெரியுது. நானும் வூட்ல பாக்கறவன்தான். ஆபீஸ் புக்குல கதை எழுதனது ஒரு தப்பு. அதுலயும் பொய்யா எழுதி வெச்சிகினு கீறீங்களே, அது ரெண்டாவது தப்பு. ஏழாவது வாரம் லாரிக்காரன் ஹாரன் அடிச்சானா இல்லியா?”

“அடிச்சான் சார்.”

“நீ அடிக்கலன்னு எழுதிக்கிற. பரிமளா வேற பக்கம் பக்கமா பேசுது. சரி, அது போவட்டும். அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு உனக்கு மேல. எட்டாவது வாரம்னு ஒண்ணு எழுதிக்குது பாரு. போன சனிக்கிழம பரிமளா வரவே இல்ல. கிரிக்கெட்டு போட்டுட்டான். நானும் எங்க வூட்டம்மாவும் ஆறு மணி வரைக்கும் குந்திகினு இருந்தோம்.”

“வரலியா சார்?”

“வரல. அடுத்த வாரம்னு கீழ எழுத்து ஓடிச்சி. அந்த மாட்டு டாக்டரு வரவும் இல்ல, உக்காரவும் இல்ல.”

அவர் மேலும் ஏதோ திட்டினார். ஆடிட்காரன், நம்பிக்கை, கம்பெனி பெயர் என்றெல்லாம் காதில் விழுந்தது. நான் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை என் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போனது எந்த மெயின்டனன்ஸ்காரன் என்று இப்போது தெரிந்தது. என்னை அறியாமல் பல்லைக் காட்டினேன்.

“திட்டினா சிரிக்கிற?”

“இல்ல சார், கிழிச்சிடறேன் சார்.”

“கிழிப்பியா? பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டுக்குது. ஒரு பேப்பர் கொறஞ்சாலும் ஆடிட்ல என்னக் கிழிப்பான். ஒயிட்னரும் போடக் கூடாது. ரூலு இன்னா? நடக்காதத எழுதிட்டா ஒத்தக் கோடு போட்டு அடிக்கணும், பக்கத்துல சைன் போடணும். உன்னுத நீ அடி, அவ வந்தா அவுளுத அவ அடிக்கட்டும். ஷிப்ட் மாறும்போது வந்து பாப்பேன்.” இரண்டு அடி போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். “அந்த டாக்டரு ஸ்டூல்ல உக்காந்ததுக்கு அப்புறம் இன்னா ஆவும்னு அந்தப் பொண்ணு எதுனா சொல்லிச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“கேட்டு வை. எங்க வூட்டம்மா கேப்பாங்க.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேனாவை எடுத்தேன். ஏழாவது வாரத்தைத் திறந்து வைத்தேன். ஒற்றைக் கோடுதான். ஆனால் கை போகவில்லை. அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய சிவப்பு வயரும் நீள அளவும் வேறு யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். எனக்கென்று எழுதியது இந்த ஒன்றுதான். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

இரண்டு இருபது. கதவுக்கு மேலே அந்தக் கழுத்து தெரிந்தது. வந்தாள், பையை ஆணியில் மாட்டினாள், என் முகத்தைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

“சார் பின்பக்கத்த பாத்துட்டாரு” என்றேன்.

“ஐயோ. என்ன சொன்னாவ?”

“போன சனிக்கிழம கிரிக்கெட்டாமே.”

அவள் காது மடல் சிவந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீ மட்டும் யோக்கியமாட்டி? நீ எழுதினதப் படிச்சிட்டு எனக்கு ஆசை தாங்கல, கண்ணால பாக்கணும்னு இருந்துச்சு. சட்டத்த மீறிட்டேன். எங்கூட ரூம்ல இருக்க வேல்விழியோட போன வாங்கி ஏழாவது வாரத்தப் பாத்தேன். ஹாரன்தான் இருக்கு. நாலு தடவ பாத்தேன், நாலு தடவையும் ஹாரன்தான்.”

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“பாக்கதுக்கு முன்னாலயே சந்தேகம்தான். அந்த டாக்டரு நெனச்ச நேரம் வாரா, நெனச்ச நேரம் போறா. பத்து நிமிசக் கணக்கு நமக்குத்தான உண்டு?”

“அப்புறம் ஏன்டி ஒரு வாரமா செவப்பு வயரு நீல வயருன்னு என் உசுர எடுத்த?”

“பயம்தான். வெளாட்டுக்கு எழுதிருந்தியன்னா? எட்டாவது வாரத்துல என்ன வருதுன்னு பாத்துட்டு, அத வச்சுப் பதில் எழுதலாம்னு இருந்தேன். அந்தப் பாவிங்க கிரிக்கெட்டப் போட்டுட்டானுவ. நானா எழுதும்படி ஆயிட்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டு இருபத்தைந்து ஆகியிருந்தது. புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன், மேலே பேனாவை வைத்தேன்.

“நடக்காதத எழுதியிருந்தா ஒத்தக் கோடு போட்டு அடிக்கணுமாம். சார் உத்தரவு. நான் என்னுத அடிக்கல. உனக்கு வேணான்னா நீயே அடிச்சிடு.”

சுபஸ்ரீ பேனாவைத் திறந்தாள். நான் எழுதிய ஏழாவது வாரத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள், அவசரமே இல்லாமல். பேனா வரிகளைத் தொடவில்லை. பக்கத்தின் அடிக்குப் போனது. பின்பக்கத்தில் எட்டு வாரமாக நாங்கள் போட்டும் நிரப்பாமலே விட்ட கட்டம் ஒன்று அங்கே இருந்தது. 'பெற்றுக்கொண்டவர்' என்ற அந்தக் கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதி, தேதி போட்டு, நேரமும் போட்டாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி எட்டாவது வாரத்தை என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்து எப்போதும் கோணல்தான், அன்று இன்னும் கோணலாக வந்தது.

“ஞாயித்துக்கெழம லீவுதான?” என்றாள். “பத்து நிமிசத்துக்கு மேல பேசிப் பாப்பமா?”

“வூட்டுக்கு வா. எங்க அம்மா உன்னப் பாத்தா கூடப் பொறந்தவன்னு சொல்லும். கண்டுக்காத.”

நரசிம்மன் சார் சொன்னபடி வந்துவிட்டார். புத்தகத்தைத் திறந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார், இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? அடிக்கச் சொன்னா ஆளுக்கொரு சைன் போட்டு வெச்சிக்கிறீங்க?”

“ரெண்டு பேரும் சரி பாத்துட்டோம் சார்” என்றேன். “எல்லாம் நடந்ததுதான்.”

“நடந்துச்சா? அப்போ சனிக்கிழம நான் பாத்த கிரிக்கெட்டு?”

அதை அவர் வீட்டுக்குப் போய் வூட்டம்மாவிடம் விசாரித்துக்கொள்ளட்டும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். சுபஸ்ரீ ஸ்டூலை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டிருந்தது, அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.